ஹோம்ஸ்கூலிங்: முதலில் ஆள், பிறகு தேர்வு, கடைசியில் பாணி

ஹோம்ஸ்கூலிங், அதாவது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது பற்றி யோசிக்கத் தொடங்கும் பெற்றோர் முதல் வாரத்திலேயே மாண்டிசோரி, வால்டார்ஃப், சார்லட் மேசன், அன்ஸ்கூலிங் என்று நாலைந்து கற்பித்தல் பாணிகளின் பெயர்களைத் தெரிந்துகொள்கிறார்கள். அடுத்த வாரம் அதில் ஒன்றின் மேல் ஆசை வந்துவிடுகிறது. அதற்கடுத்த வாரம் அந்தப் பாணிக்கான பாடப்பொருள்களோடு ஒரு பெரிய பார்சல் வீட்டுக்கு வருகிறது. தீபாவளிக்குள் அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விடும்.

பாணியின் மேல் குற்றம் இல்லை, வரிசைதான் மாறிப்போனது. பகலில் வீட்டில் இருப்பது யார், அவரால் தினமும் எத்தனை மணி நேரம் பிள்ளையோடு உட்கார முடியும் என்பது முதலில் தீர வேண்டியது. பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளை எந்தத் தேர்வை எழுதப்போகிறது என்பது அடுத்தது. இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டால் பாணிகளில் பாதி தானாகவே கழன்றுவிடும். மிச்சமிருப்பதில் பிள்ளையின் குணத்துக்கு ஒத்து வருவதைப் பிடித்துக்கொள்ளலாம்.

யார் உட்காரப் போகிறார்கள்?

ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்கும் நேரம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி போதும். ஒன்பது முதல் பதினொன்று வரை இரண்டரை, மூன்று மணி. பன்னிரண்டுக்கு மேல் நான்கு மணி. பள்ளியில் ஆறு மணி நேரம் ஆகிறதே என்று கேட்பார்கள். அந்த ஆறு மணியில் வருகைப் பதிவு, வரிசையில் நிற்பது, முப்பத்தைந்து நோட்டு திருத்தி முடிகிறவரை காத்திருப்பது எல்லாம் அடக்கம். வீட்டில் ஒன்பது முதல் மூன்று வரை மணி அடித்துப் பள்ளி நடத்துகிறவர்கள்தான் முதலில் களைத்துப் போகிறார்கள்.

இந்தக் கணக்கில் விட்டுப்போவது பெரியவருடைய தயாரிப்பு நேரம். அடுத்த வாரப் பாடத்தைப் புரட்டிப் பார்க்க, பொருள்களை எடுத்து வைக்க, நூலகம் போய்வர என்று வாரத்துக்கு மூன்று மணியாவது வேண்டும். இரண்டு பிள்ளைகள் என்றால் அது இரட்டிப்பாகாது, ஆனால் சின்னவன் தூங்கும் நேரத்தைச் சுற்றியே பெரியவளின் பாடம் ஓடும். வீட்டிலிருந்து ஐடி வேலை பார்ப்பதை மணிக்கணக்கில் சேர்க்கவே கூடாது. மீட்டிங் நீள்கிறது, பிள்ளை கதவருகில் நோட்டோடு நிற்கிறது. காலை ஏழிலிருந்து எட்டரை வரை மட்டும்தான் முடியும் என்றால் அதை அப்படியே ஒத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் முறையைத் தேடுவது நல்லது. முடிவெடுப்பதற்கு முன் ஒரு பழைய டைரியில் இரண்டு வாரம் நேரத்தை எழுதிப் பாருங்கள். இருப்பதாக நினைத்ததற்கும் இருப்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி தெரியும்.

வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் அவர்களுக்கும் ஒரு வேலை வேண்டும். “பிள்ளை சும்மா வீட்ல உக்காந்திருக்கு” என்ற புலம்பல் பெரும்பாலும் கையில் வேலை இல்லாதவரிடமிருந்துதான் வரும். தமிழ் வாசிப்பையோ மளிகைக் கணக்கையோ முழுப் பொறுப்பாகக் கொடுத்துவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

சட்டமும் சான்றிதழும்

2009 கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சட்டம் வைக்கவில்லை. வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் இந்தியக் குடும்பங்கள் இதைச் செய்துவருகின்றன.

தமிழ்நாட்டில் டிசி வாங்கியதும் பிள்ளையின் எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளாவிட்டால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் ஆசிரியரோ ஆசிரியப் பயிற்றுநரோ வீடு தேடி வருவார். பயப்படவும் வேண்டாம், முறைத்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் வந்திருப்பது ஏதாவது ஒரு பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்க. நோட்டுகளையும் புத்தக அலமாரியையும் காட்டி, எந்த வழியில் தேர்வு எழுதவைக்கப் போகிறீர்கள் என்று சொன்னால் பெரும்பாலும் போதும்.

அந்த வழிகள் மூன்று. முதலாவது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ். 1989இல் தொடங்கிய மத்திய அரசு வாரியம் இது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 15. பத்தாம் வகுப்பில் சேர எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும், படிக்கத் தகுதி இருக்கிறது என்ற சுய உறுதிமொழி ஏற்கப்படும். ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். தேர்ச்சிக்கு 33 மதிப்பெண். ஐந்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லாததுதான் இதன் பெரிய வசதி. முதலில் ஓவியம், மனையியல், மொழி போல இரண்டு பாடத்தை முடித்துத் தேர்வு அறை பழகிக்கொண்டு, கணிதத்தையும் அறிவியலையும் அடுத்த பருவத்துக்கு ஒதுக்கலாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இரண்டு வருட இடைவெளி இல்லாவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பில் நான்கு பாடம் வரைதான் எழுதலாம். “சீக்கிரம் முடித்துவிடலாம்” என்று கணக்குப் போட்டவர்கள் ஐந்தாவது பாடத்துக்காக உட்கார்ந்திருப்பார்கள். பன்னிரண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுக்கிற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், பத்திலேயே கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வழி, நம் மாநில வாரியத்தில் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் தாமாகவே பதிந்து எழுதுவது. 12½ வயது நிறைந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். அதில் தேர்ச்சியும் 14½ வயதும் இருந்தால் நேரடியாகப் பத்தாம் வகுப்பு. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறைக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் 80 சதவீத வருகையோடு பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். பதிவுத் தேதியைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு ஒரு வருடம் போய்விடும். நன்றாகத் தமிழ் எழுதும் பிள்ளைக்கு இது மலிவான, கௌரவமான வழி. ஏனோ ஹோம்ஸ்கூலிங் வட்டாரத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

மூன்றாவது, கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ, பத்தாம் வகுப்புக்கு நிகரான சர்வதேசத் தேர்வு. தனித்தேர்வரை ஏற்கும் மையத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பாடத்துக்குப் பாடம் கட்டணம், செலவு அதிகம். சிபிஎஸ்இ இந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டிலிருந்தே படித்த பிள்ளை நேரடியாகப் போய் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு எழுத வழி கிடையாது.

இழப்பதையும் முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த வருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் நீண்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் பள்ளிப் படிப்பே அடிப்படை. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்குப் பள்ளி தரும் சான்று வேண்டும். அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை ஆறாம் வகுப்பில் நிறுத்துகிற குடும்பம் இந்த மூன்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தட்டும்.

இன்னொன்று, இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் “கவின்”, ஆதாரில் “கவின் ஆர்”, பாஸ்போர்ட்டில் “கவின் ராஜேந்திரன்”. பள்ளியில் படித்தால் அலுவலகம் ஒன்பதாம் வகுப்பிலேயே இதைச் சரிசெய்ய நம்மைத் துரத்தும். வீட்டில் துரத்த ஆளில்லை. பத்தாம் வகுப்பு விண்ணப்பத்துக்கு ஒரு வருடம் முன்பே எல்லாவற்றிலும் ஒரே பெயராக்கிவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழில் பெயர் ஏறிய பிறகு திருத்துவது தனிப் படலம்.

இப்போது பாணிகள்

நேரம் குறைவு, பணமும் குறைவு என்றால் பாடப்புத்தக முறையே போதும். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும், பள்ளியிலிருந்து தப்பி வந்து மறுபடி பாடப்புத்தகமா என்று. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் என்சிஇஆர்டி புத்தகங்களும் இணையத்தில் இலவசம், அச்சுப் பிரதியும் விலை குறைவு. கணிதத்தில் ஒரு பக்கமும் விடாமல் போட வேண்டும். அறிவியலையும் சமூக அறிவியலையும் கதைபோல வாசித்துப் பேசினால் போதும், கேள்வி-பதில் மனப்பாடம் வேண்டாம். ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்தால் ஒரு வருடப் புத்தகம் நாலைந்து மாதத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் அடுத்த வகுப்புக்குத் தாவுகிற ஆசை வரும். அதை அடக்கிக்கொண்டு, மிச்ச மாதங்களைச் சமையல், தையல், நீச்சல், நூலகம் என்று விட்டுவிடுகிற வீடுகளில் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.

சார்லட் மேசன் (1842–1923) இங்கிலாந்துக் கல்வியாளர். சின்னப் பிள்ளைக்குப் பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது, நல்ல புத்தகத்திலிருந்து வாசி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல் என்பது அவர் வழி. பணச்செலவு கிட்டத்தட்ட இல்லை, பெரியவரின் தொண்டைதான் செலவு. வீட்டில் செய்யும்போது இப்படி நடக்கும்: ஒரு பத்தியை ஒரே ஒரு தடவை வாசிக்கிறீர்கள். புத்தகத்தை மூடுகிறீர்கள். “சொல்லு பாப்போம்.” பிள்ளை சொல்கிறது. நீங்கள் குறுக்கே பேசக் கூடாது. பெயரை மாற்றிச் சொன்னாலும், நரியை ஓநாய் ஆக்கினாலும், முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. இந்த முறை கெட்டுப்போவது இங்கேதான், நம் ஊர்ப் பெற்றோருக்குத் திருத்தாமல் இருக்க முடியாது. இரண்டு தடவை திருத்தினால் மூன்றாவது நாள் “மறந்துடுச்சு” என்ற பதில்தான் வரும். திருத்தாமலே மறந்தால், வாசித்த பகுதி நீளம் என்று அர்த்தம். மறுபடி வாசிக்காதீர்கள், மறுநாள் சின்னதாக எடுங்கள். ஒரு பஞ்சதந்திரக் கதையைத் தொடக்கத்தில் மூன்று நாளாகப் பிரிக்க வேண்டியிருக்கும். பத்து வயதுவாக்கில் இதையே எழுத்தில் கொண்டுவந்தால், பின்னால் மூன்று மணி நேரத் தேர்வில் பத்தி பத்தியாக எழுதக் கை வரும்.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார், 1946 வரை இந்தியாவில்தான். அதனால் அவர் முறை நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் அது பலதரப்பட்ட வயதுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பறைக்காக உருவானது. முழுச் சாதனங்களையும் வாங்கி 600 சதுர அடி ஃபிளாட்டில் அடுக்குவதற்கில்லை, அதில் வரும் மணிகளை வாயில் போடுகிற வயதில் தம்பி இருந்தால் சொல்லவே வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது கையால் தொட்டுக் கணக்கு புரிந்துகொள்கிற வழியை. நூறு ஐஸ் குச்சி, ஒரு டப்பா ரப்பர் பேண்ட் போதும். பத்துக் குச்சி ஒரு கட்டு. 43 என்றால் நாலு கட்டு, மூன்று உதிரி. இதிலிருந்து 17 எடு என்றால், ஏழு உதிரி இல்லை, பிள்ளையே ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும். பிரித்ததும் மூன்று கட்டு, பதின்மூன்று உதிரி. “கடன் வாங்கு” என்று நாம் சொல்வதன் உள்விவகாரம் இவ்வளவுதான். இரண்டு மூன்று வாரம் குச்சியில் செய்த பிறகே தாளுக்குப் போக வேண்டும். நாலு நாளில் தாளுக்குத் தாவினால், 403-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லும் அன்று நடுவிலிருக்கும் பூஜ்யத்தில் மாட்டிக்கொள்ளும்.

பின்னத்துக்குப் பாட்டி வீட்டில் அரிசி அளக்கும் படி செட்டு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். உரி என்றால் அரைப்படி, உழக்கு கால்படி, ஆழாக்கு அரைக்கால்படி. எட்டு ஆழாக்கு அரிசி அளந்து படியில் கொட்டிப் பார்த்த பிள்ளைக்கு எட்டில் ஒன்று என்பது வெறும் எண் ஆகாது.

வால்டார்ஃப் 1919இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் தொடங்கியது. மூன்று, நான்கு வாரம் ஒரே பாடத்தில் ஆழ்ந்திருப்பது, எழுத்தும் வாசிப்பும் ஏழு வயதை ஒட்டித்தான் என்பது அதன் வழக்கம். இங்கே எல்கேஜியிலேயே எழுதவைக்கிறார்கள். ஏழு வயதில் மனம் மாறிப் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளைதான் தவிக்கும். இரண்டு மூன்று வருடம் திரும்ப மாட்டோம் என்ற உறுதி உள்ளவர்களுக்கே இது.

அன்ஸ்கூலிங் 1970களில் அமெரிக்காவின் ஜான் ஹோல்ட் வைத்த பெயர். பாடத்திட்டம் கிடையாது, பிள்ளையின் ஆர்வம் போகிற வழியில் பெரியவர் கூடவே போவது. பெற்றோருக்கு நேரம் இல்லாததால் அன்ஸ்கூலிங் என்று சிலர் சொல்வதுண்டு. உண்மையில் எல்லா முறையையும்விட அதிகம் ஆள் கேட்பது இதுதான். பட்டறை, தோட்டம், தையல் கடை, கடைக்கணக்கு என்று கண்முன்னே வேலை நடக்கும் வீட்டில் இது அழகாக வரும். பெரியவர்கள் இருவரும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் பிள்ளையும் திரையைத்தான் பார்க்கும். கணிதம் மட்டும் பதினொரு வயதுக்கு மேல் தானாக வருவது அபூர்வம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒன்றரை வருடம் முன்பே கணிதத்துக்கு நாள்தோறும் ஒரு மணி ஒதுக்கிவிட வேண்டும்.

நடைமுறையில் நீடிக்கிற குடும்பங்கள் எதுவும் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. கணிதத்துக்குப் பாடப்புத்தகம், மொழிக்கு மேசன் வழி, மதியத்துக்கு மேல் பிள்ளை இஷ்டம் என்பதுதான் அதிகம் பார்க்கக் கிடைக்கும் கலவை. பள்ளியிலிருந்து நிறுத்திய பிள்ளை என்றால் எதையும் உடனே தொடங்கக் கூடாது. படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் சும்மா விடுவது ஹோம்ஸ்கூலிங் வட்டாரத்தில் பழகிய கணக்கு. அந்த மாதங்களில் பிள்ளை எதை நோக்கிப் போகிறது என்று பார்த்தாலே எந்த முறை ஒத்து வரும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

தமிழ் எங்கே?

எந்த முறையை எடுத்தாலும் ஓட்டையாகப் போவது தமிழ். வாங்குகிற பெட்டிகள், ஆன்லைன் வகுப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். என்ஐஓஎஸ் ஒரு மொழி போதும் என்கிறது, அந்த ஒன்று ஆங்கிலமாகிவிடுகிறது. கடைசியில் பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பதினைந்து வயதுப் பிள்ளை.

247 எழுத்தையும் சுவரில் ஒட்டி ஒப்பிக்கவைப்பது வாசிப்பைத் தராது. ட, ப, ம என்ற மூன்று எழுத்தையும் புள்ளியையும் மட்டும் முதலில் காட்டுங்கள். படம், பட்டம், மடம், மட்டம் என்று முதல் வாரமே சொல் வந்துவிடும். அடுத்து ர, த, க. மரம், தரம், பக்கம், கட்டம். பிறகு கால், கொம்பு, கொக்கி என்று ஒவ்வொரு குறியாக. ஆகாரம் முதல் ஔகாரம் வரை குறிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். உகரமும் ஊகாரமும் அப்படியில்லை. கு, சு, டு, து, மு, ரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். இந்த 36 எழுத்துக்கு மட்டும் அட்டை செய்து தனியாக ஒரு மாதம் கொடுங்கள். பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான், அதைப் பெற்றோர் “தமிழ் வரல” என்று எடுத்துக்கொள்கிறார்கள். தினம் இருபது நிமிடம் என்றால் ஆறு மாதத்துக்குள் சின்னக் கதை வாசிக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை ஒன்றிலிருந்து தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன. கொஞ்சம் வளர்ந்ததும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ். ல, ள, ழ குழப்பத்துக்கு வாரம் மூன்று நாள் ஐந்து வாக்கியம் சொல்வதெழுதல், அவ்வளவுதான் மருந்து.

கூட்டு வகுப்பில் ஒரு கவனம்

நாலைந்து குடும்பம் சேர்ந்து வாரம் இரண்டு நாள் பிள்ளைகளை விளையாடவும் படிக்கவும் விடுவது நல்லது, தனிமைக்கு அதைவிட மருந்து இல்லை. அதுவே தினசரியாகி, ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆசிரியரை வைத்து, மாதக் கட்டணம் வாங்கத் தொடங்கினால், அங்கீகாரமில்லாத பள்ளி நடத்துவதாகக் கேள்வி வரலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை. பெற்றோருக்குத் தண்டனை இல்லாத அதே சட்டம்தான் இதுவும்.

திரும்பிப் போகிற வழியையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒன்பதாம் வகுப்பில் நுழையும்போது எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் டிசியும் கேட்பார்கள். ஆகவே பள்ளியா, என்ஐஓஎஸா, தனித்தேர்வா என்பதைப் பிள்ளையின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குள் முடிவு செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், டிசி, சாதிச் சான்றிதழ், பின்னால் கல்லூரிக் கலந்தாய்வில் பள்ளிப் பதிவு இல்லாததால் தேவைப்படும் இருப்பிடச் சான்று, வருடத்துக்கு இரண்டு நோட்டு என்று ஒரே ஃபைலில் வையுங்கள். டிசியை லேமினேட் செய்ய வேண்டாம், மறுபடி எந்தப் பள்ளிக்காவது அசல் தாளையே கொடுக்க வேண்டிவரும்.